ரெடிமேட் தீம் தரக்குறைவா?

இணையதளம் செய்து தரும் நிறுவனங்களின் விலைப்பட்டியலில் ஒரு வரிசை மட்டும் மாறுவதே இல்லை. அடியில், குறைந்த விலைக்கு, ‘ரெடிமேட் தீம்’. உச்சியில், அதன் பல மடங்கு விலைக்கு, ‘கஸ்டம் டிசைன்’. வாடிக்கையாளருக்குச் சொல்லப்படும் விளக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான்: ரெடிமேட் சட்டை எவருக்கும் கச்சிதமாகப் பொருந்தாது, அளவெடுத்துத் தைத்தது உங்களுக்கென்றே இருக்கும், தொழிலை மதிக்கிறவர் தைத்துத்தான் போடுவார். நிரல் எழுதுகிறவர்களிடமும் இந்த எண்ணம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. தீம் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தளம் அமைக்கிறவரை அவர்கள் ஒரு படி கீழேதான் வைக்கிறார்கள்.

இந்தக் கருத்து தவறு. சிறு மருத்துவமனை, பள்ளிக்கூடம், ஜவுளிக்கடை, ஆடிட்டர் அலுவலகம், அறக்கட்டளை என்று தளம் கேட்டு வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தனியாக எழுதப்படும் தீம் சில ஆண்டுகளிலேயே சுமையாகிவிடுகிறது. அந்தச் சுமையை இறக்கி வைக்க மறுபடியும் பணம் கட்டுகிறவரும் அதே வாடிக்கையாளர்தான்.

சட்டை உவமையிலிருந்தே தொடங்கலாம். தைத்த சட்டைக்கு அடியில் எதுவும் நகர்வதில்லை. தளத்துக்கு அடியிலோ எல்லாமே நகர்ந்துகொண்டிருக்கிறது. இத்தகைய தளங்களை அமைக்கப் பயன்படும் வேர்ட்பிரஸ் மென்பொருள் எழுதப்பட்ட பிஎச்பி மொழியை எடுத்துக்கொண்டால், 2015 டிசம்பரில் வந்த அதன் 7.0 பதிப்பு, தரவுதளத்தோடு பேசப் பழைய நிரலாளர்கள் பயன்படுத்திவந்த ஒரு முழுத் தொகுதிக் கட்டளைகளை நீக்கியது. 2020 நவம்பரில் வந்த 8.0, இன்னும் பல பழைய கட்டளைகளை நீக்கியது. 7.4 பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றன. சர்வர் வைத்திருக்கும் நிறுவனம் ஒரு நாள் புதிய பதிப்புக்கு மாறும். மாறித்தான் ஆக வேண்டும். அன்று காலையில் பழைய தீமில் உள்ள ஒரே ஒரு வரி போதும், முழுத் தளமும் வெள்ளைப் பக்கமாகிவிடும்.

வேர்ட்பிரஸும் சும்மா இருப்பதில்லை. 2020 ஆகஸ்டில் வந்த 5.5 பதிப்பில், ஜேக்வரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தை நம்பிய பழைய நிரல்களைத் தாங்கிப் பிடித்துவந்த ஒரு துணைக்கோப்பை அகற்றினார்கள். உலகெங்கும் தளங்களின் மெனுக்கள் திறக்க மறுத்தன, படச் சுழலிகள் நின்றுபோயின. அந்தத் துணைக்கோப்பைத் தற்காலிகமாகத் திரும்பக் கொண்டுவர வேர்ட்பிரஸ் குழுவே ஒரு பிளகினை, அதாவது கூடுதல் செருகுநிரலை, வெளியிட வேண்டியிருந்தது. பராமரிப்பில் இருந்த பொதுத் தீம்களின் ஆசிரியர்கள் தங்கள் திருத்தத்தை ஒருமுறை எழுதி வெளியிட்டார்கள். அந்தத் தீம்களைப் பயன்படுத்தியவர்கள் ‘அப்டேட்’ பொத்தானை அழுத்தினார்கள், வேலை முடிந்தது. தனியாக எழுதப்பட்ட தீமுக்கு அந்தப் பொத்தானே கிடையாது. எழுதியவர் வேறு வேலைக்குப் போயிருப்பார், அல்லது நிறுவனமே மூடியிருக்கும். புதிதாக வருகிறவர் கோப்புகளைத் திறந்து பார்த்துவிட்டு, முதலிலிருந்து செய்வதுதான் மேல் என்பார். அவர் சொல்வது பெரும்பாலும் நியாயம்தான்.

இங்கே எதிர்த்தரப்பு தன் வலுவான ஆயுதத்தை எடுக்கும். ரெடிமேட் தீம்கள் ஹேக்கர்களுக்குத் திறந்த வாசல், வரலாறே சாட்சி என்பார்கள். அந்த வரலாற்றை முழுதாகப் படிப்பது நல்லது.

2011 ஆகஸ்டில் மார்க் மாண்டர் என்ற நிரலாளர் தன்னுடைய சொந்தத் தளம் ஊடுருவப்பட்டதைக் கண்டார். தேடிப் போனபோது, குற்றவாளி டிம்தம்ப் என்ற சிறு நிரல் என்று தெரிந்தது. படங்களைச் சிறிதாக்கிக் காட்டும் நிரல் அது. அந்தக் காலத்து வணிகத் தீம்கள் பலவற்றின் உள்ளேயே அதன் பிரதி ஒன்று இருந்தது. மாண்டர் ஓட்டையை வெளியிட்டார். டிம்தம்ப்பைப் பராமரித்துவந்த பென் கில்பேங்க்ஸோடு சேர்ந்து திருத்திய பதிப்பையும் கொண்டுவந்தார். ஆனாலும் சேதம் நிற்கவில்லை. காரணம், பிரதிகள் ஆயிரக்கணக்கான தீம் கோப்புறைகளுக்குள் தனித்தனியாகப் புதைந்து கிடந்தன. தன் தீமுக்குள் அப்படியொரு கோப்பு இருப்பதே தள உரிமையாளருக்குத் தெரியாது.

மூன்று ஆண்டு கழித்து அதே கதை மறுபடி நடந்தது. ஸ்லைடர் ரெவல்யூஷன் என்ற படச் சுழலிப் பிளகினில் இருந்த கடுமையான ஓட்டையை, அதைத் தயாரித்தவர்கள் 2014 பிப்ரவரியிலேயே அடைத்துவிட்டார்கள். தனியாக வாங்கியவர்களுக்கு அப்டேட் போய்ச் சேர்ந்தது. தீமோடு சேர்த்துக் கட்டிக் கொடுக்கப்பட்ட பிரதிகளுக்கு அது போகவில்லை. தீம் ஆசிரியர் புதிய பதிப்பை உள்ளே வைத்து அனுப்பினால்தான் உண்டு. அந்த ஆண்டு டிசம்பரில் சோக்சோக் என்ற தீநிரல் அந்த ஓட்டை வழியாகப் பரவியபோது, கூகுள் 11,000-க்கும் மேற்பட்ட தளங்களைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. மருந்து கைக்கு வந்து பத்து மாதம் ஆகியிருந்தது.

இரண்டு நிகழ்விலும் கேடு எங்கே இருந்தது? திருத்தம் போய்ச் சேரும் வழி அறுந்த இடத்தில். யாருடைய கண்ணிலும் படாமல், யாருடைய பொறுப்பிலும் இல்லாமல், ஒரு கோப்புறைக்குள் கிடந்த நிரல்தான் அழிவைக் கொண்டுவந்தது. தனியாக எழுதப்பட்ட தீம் பிறந்த நாளிலிருந்தே அந்த நிலையில்தான் இருக்கிறது. அதை எழுதும் நிரலாளரும் எல்லாவற்றையும் தானே எழுதுவதில்லை; சுழலிக்கு ஒரு நூலகம், படிவத்துக்கு ஒரு துண்டு நிரல், படத்தொகுப்புக்கு இன்னொன்று என்று எங்கிருந்தோ எடுத்து உள்ளே வைக்கிறார். அவற்றில் ஓட்டை விழுந்தால் அந்தத் தளத்துக்குச் சொல்லி அனுப்ப ஆளில்லை. டிம்தம்ப்பைக் காட்டிக் கஸ்டம் தீமை விற்பவர், நோயைக் காட்டி அதே நோயை விற்கிறார்.

ரெடிமேட் என்ற பெயரில் விற்கப்படுவதெல்லாம் நல்லது என்றும் இங்கே வாதிடவில்லை. திருட்டுத்தனமாக உடைத்து இலவசமாகச் சுற்றவிடப்படும் தீம்களில் தீநிரல் கலந்திருப்பது தெரிந்த கதை. அதை வாடிக்கையாளரின் தளத்தில் போடுகிறவர் தொழில் செய்யவே தகுதியற்றவர். நேர்மையான விற்பனையாளரிடமும் விபத்து நடந்திருக்கிறது. நேபாளத்தைச் சேர்ந்த அக்சஸ்பிரஸ் தீம்ஸ் நிறுவனத்தின் தளத்துக்குள் 2021-இல் யாரோ புகுந்து, 40 தீம்களிலும் 53 பிளகின்களிலும் பின்வாசல் வைத்துவிட்டார்கள். வேர்ட்பிரஸ் பிளகினான ஜெட்பேக்கின் குழு அதை 2022 ஜனவரியில் வெளிப்படுத்தியது. ஆனால் அதே தீம்களை வேர்ட்பிரஸின் பொதுக் களஞ்சியத்திலிருந்து இறக்கியவர்கள் தப்பித்தார்கள். பல கண்கள் பார்க்கும் இடத்திலிருந்து எடுப்பதற்கும் மற்ற இடங்களிலிருந்து எடுப்பதற்கும் உள்ள வேறுபாடு இதில் தெரிகிறது.

பல கண்கள் என்றதும் இன்னொரு நிகழ்வையும் சொல்ல வேண்டும். புனே நகரிலிருந்து வரும் அஸ்த்ரா, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் இயங்கும் தீம். 2020 ஆகஸ்டில் அதற்குள் விற்பனைத் தரகு தொடர்பான விதிமீறல் இருப்பதை வேர்ட்பிரஸின் தீம் பரிசீலனைக் குழு கண்டுபிடித்து, களஞ்சியத்திலிருந்து நிறுத்தி வைத்தது. தயாரித்தவர்கள் திருத்தினார்கள், தீம் திரும்ப வந்தது. எல்லாம் பொதுவெளியில் நடந்தது. அவ்வளவு பெரிய தீமுக்கே நடந்த இந்த விசாரணை, ஒரே ஒரு தளத்துக்காக எழுதப்பட்ட தீமுக்கு ஒருபோதும் நடக்காது. அதன் நிரலை எழுதியவரைத் தவிர எவரும் படித்திருக்கமாட்டார்.

வேகம் பற்றிய குற்றச்சாட்டில் பாதி உண்மை இருக்கிறது. அறுபது டாலர் அளவுக்கு விற்கும் ‘எல்லாம் செய்யும்’ தீம்களில் நூறு வகைத் தொழிலுக்கான மாதிரிப் பக்கங்களும், அவற்றுக்கெல்லாம் வேண்டிய கருவிகளும் ஒரே பெட்டிக்குள் அடைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் சில, தங்களுக்கே உரிய குறியீடுகளைப் பக்கத்தின் எழுத்துக்குள் கலந்து வைப்பதால், தீமை மாற்றினால் கட்டுரை முழுக்கச் சதுர அடைப்புக்குறிகள் சிதறிக் கிடக்கும். அந்த வகைத் தீம்களை ஒதுக்குவது சரி. அதற்காக ரெடிமேட் தீம் எல்லாமே அப்படித்தான் என்பது நேர்மையான வாதமாகாது. வேர்ட்பிரஸ் தானே 2010 முதல் வெளியிட்டுவரும் இயல்புத் தீம்கள் மெலிந்தவை. 2022 ஜனவரியில் 5.9 பதிப்போடு வந்த பிளாக் தீம் முறையில், தலைப்பகுதி, அடிப்பகுதி, நிறம், எழுத்துரு எல்லாவற்றையும் நிரல் தெரியாதவரே திரையில் மாற்றிவிடலாம். கூகுளின் அளவுகோலில் ஒரு பக்கத்தின் முக்கிய உருப்படி 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும். அதைக் கெடுப்பது பெரும்பாலும் கேமராவிலிருந்து அப்படியே ஏற்றப்பட்ட பெரிய படங்களும், முகப்பில் சுழலும் ஐந்தாறு பேனர்களும், மலிவான சர்வரும்தான். கஸ்டம் தளங்களில் இவை மூன்றும் இருக்காது என்று யாரும் சொல்ல முடியாது.

அடுத்தது, ‘எல்லாத் தளமும் ஒரே மாதிரி இருக்கிறதே’ என்ற வருத்தம். இது வடிவமைப்பாளரின் வருத்தம், வாசகருடையது அல்ல. தளங்களின் பயன்பாட்டைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்த ஜேக்கப் நீல்சன், மனிதர்கள் இணைய நேரத்தில் பெரும்பகுதியை மற்றவர்களின் தளங்களில்தான் கழிக்கிறார்கள், அங்கே பழகியபடியே இங்கும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள் என்று 2000-ஆம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டினார். மருத்துவமனைத் தளத்துக்கு வருகிறவர் மருத்துவர் எப்போது இருப்பார், எந்த எண்ணுக்கு அழைப்பது என்று பார்க்க வருகிறார். அவர் கையில் இருப்பது சிறிய போன், நேரமும் குறைவு. மெனு வழக்கமான இடத்தில் இருப்பது அவருக்குச் செய்யும் மரியாதை.

ஒரேமாதிரியான தோற்றம் தரக்குறைவு என்பதை மறுக்க, புகழ்பெற்ற ஓர் அரசுத் தளமே போதும். பிரிட்டன் தன் துறைகளுக்கெல்லாம் பொதுவான ஒற்றைத் தளத்தை 2012 அக்டோபரில் திறந்தது. அடுத்த இரண்டே ஆண்டுகளில் முந்நூறுக்கும் மேற்பட்ட முகமைகள் தங்கள் தனித் தளங்களை விட்டுவிட்டு அதற்குள் வந்து சேர்ந்தன. எல்லாப் பக்கத்துக்கும் ஒரே எழுத்துரு, ஒரே அமைப்பு, அலங்காரமே இல்லாத வெள்ளைப் பின்னணி. லண்டன் டிசைன் மியூசியம் 2013-இல் ‘ஆண்டின் சிறந்த வடிவமைப்பு’ விருதை அதற்குத்தான் கொடுத்தது. நம் ஊரிலும் மதுரை, திருநெல்வேலி, கோயம்புத்தூர் மாவட்டத் தளங்களைத் திறந்து பார்த்தால் ஒரே சட்டகம்தான் தெரியும். தேசிய தகவலியல் மையம் நடத்தும் ஆயத்தத் தள அமைப்பில் உருவானவை அவை. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறும் பொத்தான், எழுத்தைப் பெரிதாக்கும் வசதி எல்லாம் எல்லா மாவட்டத்துக்கும் ஒன்றாகவே கிடைக்கின்றன. ஒவ்வொரு ஆட்சியர் அலுவலகமும் தனித்தனி ஒப்பந்தக்காரரைப் பிடித்திருந்தால் இவற்றில் எத்தனை நடந்திருக்கும்?

பெரிய நிறுவனம், பெரிய பணம் என்றால் கஸ்டம் வெற்றி பெறும் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் போதாது. கார் வாடகை நிறுவனமான ஹெர்ட்ஸ், தன் தளத்தைப் புதிதாகக் கட்ட 2016-இல் ஆலோசனை நிறுவனமான ஆக்சென்சரை அமர்த்தியது. குறித்த தேதிகள் தள்ளிப்போயின. தளம் திறக்கப்படவே இல்லை. கட்டிய 3.2 கோடி டாலரைத் திரும்பக் கேட்டு 2019-இல் ஹெர்ட்ஸ் நியூயார்க் நீதிமன்றத்துக்குப் போனது. தன் மற்ற பிராண்டுகளுக்குப் பயன்படாதபடி நிரல் எழுதப்பட்டது, டேப்லெட் திரைக்கான அமைப்புக்குத் தனியாகப் பணம் கேட்கப்பட்டது என்பவை அதன் புகார்களில் சில. ஆக்சென்சர் இவற்றை மறுத்தது. வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பது வேறு. கேட்கத் தெரிந்த, வழக்கறிஞர் படையே வைத்திருந்த வாடிக்கையாளருக்கே கஸ்டம் வேலை இந்த இடத்தில் கொண்டுவிட்டது என்றால், ஈரோட்டில் கடை வைத்திருப்பவர் எதை நம்பி இறங்குவார்?

இனி வருவது, இந்த விவாதத்தில் யாருமே பேசாத விஷயம். முதலில் பேசியிருக்க வேண்டிய விஷயமும் இதுதான். பணம் கொடுத்துச் செய்த தளம் யாருக்குச் சொந்தம்?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, கணினி நிரலை இலக்கியப் படைப்பு என்ற வகையில் வைக்கிறது. சம்பளத்துக்கு வேலை செய்யும் ஊழியர் எழுதினால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, உரிமை முதலாளிக்கு. ஒப்பந்த வேலையாக வெளியாளிடம் செய்யக் கொடுத்தாலோ கதை வேறு. பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படம், வரையச் சொன்ன ஓவியம் போன்றவற்றுக்கு, கேட்டவரே முதல் உரிமையாளர் என்று 17-ஆவது பிரிவு சொல்கிறது. நிரல் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே கல்யாண ஆல்பத்தில் இருக்கும் உரிமை, கஸ்டம் தளத்தின் நிரலில் வாடிக்கையாளருக்குத் தானாக வந்துவிடாது. கையெழுத்திட்ட எழுத்து ஒப்பந்தம் வேண்டும். அதிலும் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் 19-ஆவது பிரிவின்படி ஐந்து ஆண்டு. எல்லையைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ஒரு பக்க விலைப்புள்ளியை வைத்து வேலையைத் தொடங்கும் சிறு வாடிக்கையாளர்களிடம் இப்படியொரு ஆவணம் இருக்கும் என்று எதிர்பார்ப்பதே அரிது. ‘தளம் முழுக்க உங்களுக்கே சொந்தம்’ என்று வாயால் சொல்லி விற்கப்படுவது, சட்டத்தின் முன்னால் பெரும்பாலும் வெறும் வாய்ச்சொல்.

பொதுக் களஞ்சியத்துத் தீமில் இந்தச் சிக்கலே இல்லை. அங்கே இடம்பெற வேண்டுமானால் நிரல், படம் எல்லாம் ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தோடு பொருந்த வேண்டும். அந்த உரிமம் பயன்படுத்தவும், திருத்தவும், வேறொருவரிடம் கொடுத்துத் திருத்தச் சொல்லவும் உரிமையை எழுத்திலேயே தருகிறது. காலக்கெடுவும் இல்லை, எல்லையும் இல்லை. நிறுவனத்தோடு மனத்தாங்கல் வந்தால் வாடிக்கையாளர் அடுத்த நாளே இன்னொருவரிடம் போகலாம். அந்த இன்னொருவருக்கும் அந்தத் தீம் ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

தமிழ்த் தளங்கள் என்று வரும்போது எதிர்த்தரப்புக்கு உண்மையான ஒரு புள்ளி கிடைக்கிறது. தீம்கள் ஆங்கிலத்தை மனத்தில் வைத்தே உருவாகின்றன. எங்கும் காணப்படும் பாப்பின்ஸ் எழுத்துருவில் லத்தீனும் தேவநாகரியும் உண்டு, தமிழ் இல்லை. அதனால் தமிழ்த் தலைப்பு, போனில் இருக்கும் ஏதோ ஒரு எழுத்துருவில் ஒட்டாமல் வந்து நிற்கும். வரி இடைவெளி குறைவாக இருந்தால் மேல் வரியின் கீழ்விலங்கும் கீழ் வரியின் மேல்விலங்கும் இடித்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் ஐந்து சொல்லாக அடங்கிய மெனு, தமிழில் இரண்டாவது வரிக்கு வழியும்.

ஆனால் இவற்றைச் சரிசெய்ய முழுத் தீமும் எழுத வேண்டியதில்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை என்று நல்ல இலவச எழுத்துருக்கள் இருக்கின்றன. மூலத் தீமைத் தொடாமல் அதன்மேல் ஒரு சைல்டு தீம் போட்டு, எழுத்துருவையும் வரி இடைவெளியையும் மெனுவின் அகலத்தையும் மாற்றும் சில டஜன் வரி சிஎஸ்எஸ் போதும். மூலத் தீமுக்கு அப்டேட் வந்தாலும் இந்த வரிகள் அப்படியே இருக்கும். மாறாக, கஸ்டம் வேலைகளில் அடிக்கடி நடப்பது என்னவென்றால், வடிவமைப்பு ஆங்கில மாதிரி எழுத்தை வைத்து வரையப்பட்டு, ஒப்புதலும் வாங்கப்பட்டு, கடைசி வாரத்தில் தமிழ் உள்ளே கொட்டப்படும். பொத்தான்களின் வாசகமும், தேடல் பெட்டியின் குறிப்பும், ‘பக்கம் கிடைக்கவில்லை’ அறிவிப்பும் நிரலுக்குள்ளேயே ஆங்கிலத்தில் எழுதப்பட்டுவிடும். மாற்ற வேண்டுமானால் கோப்பைத் திறக்க வேண்டும். களஞ்சியத்துத் தீம்களில் இந்தச் சொற்களைத் தனியே மொழிபெயர்க்க வழி இருக்கிறது. வேர்ட்பிரஸுக்கு இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ் என்று இரண்டு மொழிபெயர்ப்புத் திட்டங்கள் தன்னார்வலர்களின் உழைப்பில் நடக்கின்றன. அந்த உழைப்பின் பலன் தனித் தீமுக்குப் போய்ச் சேருவதில்லை.

தனியாகவே எழுத வேண்டிய தளங்கள் உண்டு. நாள்தோறும் நூற்றுக்கணக்கான செய்தி போடும் நாளிதழ், இருக்கைப் பதிவு செய்யும் பேருந்து நிறுவனம், பழஞ்சுவடிகளைப் படமும் பாடமும் சேர்த்துக் காட்டும் ஆவணக் காப்பகம் போன்றவற்றின் தேவை எந்தத் தீமிலும் அடங்காது. அவர்களிடம் சம்பளத்துக்கு நிரலாளர்கள் இருக்கிறார்கள், அல்லது ஆண்டுதோறும் பராமரிப்புக்கு நிதி இருக்கிறது. அங்கேகூடத் தனித்தன்மை வேண்டியது செயல்பாட்டில். அதைப் பிளகினாக எழுதினால் தோற்றம் மாறினாலும் வேலை தொடரும். தீமுக்குள்ளேயே அதைப் பூட்டி வைப்பதற்கு எந்தத் தொழில்நுட்பக் காரணமும் கிடையாது.

மற்றவர்களுக்குத் தீமில் மிச்சமாகும் பணம் போய்ச் சேர வேண்டிய இடங்கள் வேறு. கடையின் உண்மையான படங்களை எடுக்கத் தெரிந்த ஒரு புகைப்படக்காரர். ‘வரவேற்கிறோம்’ என்று தொடங்காமல், நேரம், விலை, முகவரி, மருத்துவரின் தகுதி என்று தேவையானதைத் தெளிவாக எழுதித் தரும் ஓர் எழுத்தாளர். பார்வையற்றவர் திரை வாசிப்பானில் தளத்தைக் கேட்டுப் பார்த்துக் குறை சொல்ல ஒரு நாள் ஊதியம். மாதம் ஒருமுறை அப்டேட் போட்டு, பிரதி எடுத்து, தளம் திறக்கிறதா என்று பார்க்கும் ஒருவருக்கு ஆண்டுக் கட்டணம். விலைப்பட்டியலில் இந்த நான்கும் தனித்தனி வரிகளாக வர வேண்டும். டொமைன், சர்வர், நிர்வாகி கணக்கு மூன்றும் வாடிக்கையாளரின் பெயரிலும் அவருடைய மின்னஞ்சலிலும் பதிவாகியிருக்க வேண்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இவற்றை எழுத்தில் கேட்டு வாங்குவது வாடிக்கையாளரின் உரிமை. கேட்காவிட்டாலும் எழுதிக் கொடுப்பது நிறுவனத்தின் கடமை.